கடைவீட்டில் ஒரு திரையரங்கு

பினாங்கின் லிட்டில் இந்தியாவில், லெபோ பாசாரும் லெபோ பினாங்கும் குறுக்கிடும் முனையில் மாலை வேளையில் நிற்பவர் காதில் ஒரே நேரத்தில் மூன்று நான்கு பாடல்கள் வந்து விழும். ஒரு கடையில் புதுப்படப் பாட்டு, எதிர்க்கடையில் அம்மன் பாட்டு, சற்றுத் தள்ளிப் புடவைக் கடை வாசலில் தள்ளுபடியைக் கூவும் ஒலிபெருக்கி. கண்ணை மூடிக்கொண்டாலும் எது எந்தத் திக்கிலிருந்து வருகிறது என்று அவர் கை நீட்டிச் சொல்லிவிடுவார். இரண்டே காதுகளைக் கொண்டு இதை எவ்வாறு செய்கிறோம் என்பதற்கு 1907இல் இங்கிலாந்தின் ரேலி பிரபு விளக்கம் தந்தார். வலப்புறத்து ஒலி வலக்காதை முதலில் அடைகிறது. தலையைச் சுற்றி இடக்காதைச் சேர அதற்கு மேலும் சிறிது நேரம் பிடிக்கிறது. அந்த இடைவெளி மிகுந்திருக்கும்போதும் ஒரு மில்லிநொடியில் பத்தில் ஏழு பங்கு அளவே இருக்கும். மூளை அதை அளந்துவிடுகிறது. உயர்சுருதி ஒலிகளுக்குத் தலையே தடுப்பாகி மறுகாதில் ஒலியைத் தணிக்கிறது. அந்த ஏற்றத்தாழ்வும் கணக்கில் சேர்கிறது.

இல்லத் திரையரங்கு என்று நாம் வாங்கி அடுக்கும் பெட்டிகள் யாவும் இந்தக் கணக்கை ஏமாற்றும் கருவிகளே. இல்லாத இடத்தில் ஒரு குதிரை ஓடுவதாகவும், கூரைக்கு மேலே மழை பெய்வதாகவும் மூளையை நம்பவைப்பது அவற்றின் வேலை. விற்பவர்கள் பெட்டிமேல் ஒட்டியுள்ள முத்திரைகளைச் சொல்லிக்கொண்டே போவார்கள்: டால்பி, டிடிஎஸ், அட்மாஸ், 5.1, 7.1.4. பெட்டிவரை என்ன வந்து சேர்கிறது என்பதையே அந்த முத்திரைகள் சொல்லும். பெட்டியிலிருந்து காதுவரை உள்ள கடைசி மூன்று மீட்டர் அறையின் ஆட்சிக்கு உட்பட்டது. ஜார்ஜ்டவுனின் பழைய அறைகளோ, இந்த ஒலிமுறைகளை வகுத்தவர்கள் மனத்தில் கொண்ட அறைகளோடு எவ்வகையிலும் ஒத்துப்போகாதவை.

முத்திரைகளை முதலில் பார்த்துவிடுவோம். இரண்டு தடங்களால் திசையுணர்வை உண்டாக்கலாம் என்று 1931இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர் ஆலன் பிளம்லைன் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். அதுவே ஸ்டீரியோ. தமிழ்த் திரையிசையில் அது வேரூன்றப் பல்லாண்டுகள் ஆயின. 1978இன் ‘பிரியா’ ஸ்டீரியோவில் பதிவான தொடக்கத் தொகுப்புகளுள் ஒன்று. 1970களின் நடுவில் டால்பி நிறுவனம், படச்சுருளில் இருந்த இரண்டு தடங்களுக்குள் நான்கு தடங்களை மடித்து வைக்கும் வழியைத் திரையரங்குகளுக்குக் கொண்டுவந்தது. நடுவிலிருந்து கேட்க வேண்டியதை இரண்டு தடங்களிலும் சம அளவில் கலந்தார்கள். பின்னாலிருந்து கேட்க வேண்டியதை ஒன்றில் ஒரு கட்டத்திலும் மற்றதில் அதற்கு நேர்மாறான கட்டத்திலும் கலந்தார்கள். பிரிக்கும் கருவி இரண்டையும் கூட்டினால் நடுவொலி. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் பின்னொலி.

இந்தக் கூட்டல் கழித்தல் இன்றும் நம் வீடுகளில் நடக்கிறது. பழைய தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் ஒற்றைத் தட ஒலி கொண்டவை. அந்த ஒலியை இரண்டு தடங்களிலும் ஒரே படியாக ஏற்றிக் குறுவட்டாக விற்கிறார்கள். ஒலிப்பெருக்குக் கருவியில் இந்தப் பிரிப்பைச் செய்யும் புரோ லாஜிக் வகை விரிவாக்கத்தைப் போட்டால், கழித்தலுக்கு விடை சுழி. இருப்பதெல்லாம் கூட்டலில் போய்ச் சேரும். டி.எம். சௌந்தரராஜனின் குரல் நடுப்பெட்டி ஒன்றிலிருந்தே வரும், மற்ற நான்கும் வாய் திறவா. பெட்டி கெட்டுவிட்டதென்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவோர் உண்டு. கெடவில்லை, கணக்கு பிசகாமல் நடக்கிறது. பழம்பாடல் விரும்பிகள் நிறைந்த வீட்டில் நடுப்பெட்டியில் பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதிய காரணம்.

பின்னர்த் தடங்கள் தனித்தனியாகப் பிரிந்தன. டால்பி டிஜிட்டல் 1992இல் திரையரங்குக்கு வந்தது. அடுத்த ஆண்டு ‘ஜுராசிக் பார்க்’ படத்தோடு வந்த டிடிஎஸ், ஒலியைத் தனிக் குறுவட்டில் வைத்து, படச்சுருளில் பதித்த காலக்குறியோடு இணைத்து ஓட்டியது. தமிழில் 1995இன் ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோவையும் 1996இன் ‘கருப்பு ரோஜா’ டிடிஎஸ் ஒலியையும் அறிமுகப்படுத்தின. 5.1 என்னும் எண் வீட்டுப் பேச்சில் நுழைந்தது இந்தக் காலத்தில்தான். முன்னே மூன்று, பக்கவாட்டில் இரண்டு என ஐந்து முழுத் தடங்கள். புள்ளிக்குப் பின்னுள்ள ஒன்று, 120 ஹெர்ட்சுக்குக் கீழுள்ள இடிமுழக்கத்துக்கு மட்டும் ஒதுக்கிய தடம்.

2012இல் அட்மாஸ் வந்தபோது தடம் என்னும் எண்ணமே தளர்ந்தது. ஒரு ஹெலிகாப்டரின் ஓசையை இந்த ஒலிபெருக்கிக்கு என்று கட்டி வைக்காமல், அது வெளியில் எந்தப் புள்ளியில் இருக்க வேண்டும் என்னும் குறிப்போடு சேர்த்து அனுப்புகிறார்கள். எத்தனை ஒலிபெருக்கிகள் உள்ளன, எங்கெங்கே உள்ளன என்பதை அறிந்த கருவி, அந்தந்த இடத்திலேயே பங்கிட்டுக் கொடுக்கிறது. திரையரங்கில் 128 ஒலிக்கூறுகளை 64 ஒலிபெருக்கிகள்வரை பங்கிடலாம். முப்பரிமாணமாக மாற்றி 2012 இறுதியில் வெளியிட்ட ‘சிவாஜி’ இந்தியாவில் இம்முறையைத் தொடங்கிவைத்தது; அடுத்த ஆண்டு ‘விஸ்வரூபம்’ ஆரோ 3டி என்னும் போட்டி முறையில் வந்தது. வீட்டுக் கருவிகளில் அட்மாஸ் 2014இலும், டிடிஎஸ் எக்ஸ் 2015இலும் இறங்கின. 7.1.4 என்றால் சுற்றிலும் ஏழு, தாழொலிக்கு ஒன்று, தலைக்கு மேலே நான்கு.

இத்தனையும் எப்படி வட்டிலும் இணையத்திலும் அடங்குகின்றன? 5.1இன் ஆறு தடங்களை நொடிக்கு 48,000 மாதிரி, மாதிரிக்கு 24 பிட் என்று எழுதினால் நொடிக்கு 69 இலட்சம் பிட்டுகள் வேண்டும். டிவிடியில் டால்பி டிஜிட்டலுக்குக் கிடைத்தது 4,48,000 பிட். ஏறத்தாழப் பதினைந்தில் ஒரு பங்கு. மீதி எங்கே போயிற்று? தைப்பூச விழாவில் வெள்ளி இரதத்தின் முன்னே உறுமியும் தவிலும் முழங்கும்போது பக்கத்தில் நிற்பவர் முணுமுணுப்பது நம் காதில் ஏறுவதில்லை. ஒரு பேரொலி, அதற்கு அண்மையிலுள்ள அதிர்வெண்களில் சிற்றொலிகளை மறைத்துவிடுகிறது. கேளாத ஒலியை எழுதி வைப்பானேன் என்று சுருக்குமுறைகள் அதை விட்டுவிடுகின்றன. புளூரே வட்டில் வரும் ட்ரூஎச்டியும் டிடிஎஸ் எச்டி மாஸ்டரும் ஒரு பிட்டையும் இழக்காமல் சுருக்குபவை. இணையவழிப் படங்களின் அட்மாஸ் பொதுவாக நொடிக்கு 7,68,000 பிட்டுக்கு உட்பட்ட, இழப்புள்ள வடிவம்.

இழப்பில்லா வடிவம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் லெபோ சூலியாவை ஒட்டிய வீட்டின் கீழ்த்தளத்தில், மோட்டார்சைக்கிள்கள் வாசலை உரசிக்கொண்டு போக, தலைக்கு மேலே விசிறி சுற்ற, அந்த வேறுபாட்டைக் கேட்டறிவேன் என்பவரோடு எனக்கு உடன்பாடில்லை. அவர் அதைவிட இணைப்பு வடத்தைச் சரிபார்ப்பது பயன்தரும். வட்டு இயக்கியைத் தொலைக்காட்சியில் செருகி, அங்கிருந்து ஏஆர்சி என்னும் திரும்பு ஒலித்தடம் வழியாக ஒலியை வெளியே எடுத்தால் சுருங்கிய வடிவமே வரும். இழப்பில்லா அட்மாஸுக்கு அதன் மேம்பட்ட வடிவமான இஏஆர்சி வேண்டும், அல்லது இயக்கியை நேரே ஒலிப்பெருக்குக் கருவியில் செருக வேண்டும். ஒளியிழை வடமோ ட்ரூஎச்டியைத் தாங்கவே தாங்காது.

இனி அறைக்கு வருவோம். யுனெஸ்கோ 2008இல் உலக மரபிடமாக ஏற்ற ஜார்ஜ்டவுனின் கடைவீடு, அகலம் குறைந்து ஆழம் நீண்ட கட்டடம். முன்னே ஐந்தடி நடைபாதை, நடுவே வானம் பார்த்த முற்றம், இருபுறமும் அண்டை வீட்டாரோடு பொதுவான செங்கற்சுவர். தரை சுட்ட களிமண் ஓடு அல்லது வழவழப்பான பூச்சு. சுவரில் சுண்ணாம்புச் சாந்து. ஐந்து மீட்டர் அகலமும் ஏழு மீட்டர் நீளமும் மூன்றரை மீட்டர் உயரமும் கொண்ட முன்னறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சபைன் என்னும் அமெரிக்க இயற்பியலறிஞர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்ட வாய்பாட்டின்படி, ஒலி அடங்கும் காலம் அறையின் கனவளவை அதன் உறிஞ்சுதிறனால் வகுத்து 0.161ஆல் பெருக்கினால் கிடைக்கும். மேற்பரப்பெல்லாம் தன்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கை மட்டும் உறிஞ்சும் வெற்றறையில் ஒரு கைத்தட்டல் அடங்க நான்கு நொடிக்கு மேலாகும். கோயில் மண்டபத்துக்கு அது அழகு. உரையாடலோ, ஓர் எழுத்தின்மேல் மற்றோர் எழுத்து ஏறிக் குழம்பும். மெத்தை இருக்கை, தடித்த திரைச்சீலை, தரைவிரிப்பு, நூல் நிறைந்த அலமாரி எல்லாம் சேர்ந்து இருபத்தைந்து சதுர மீட்டர் அளவுக்கு முழு உறிஞ்சுதிறனைத் தந்தால் அடங்கும் காலம் 0.7 நொடிக்குள் வந்துவிடும். ஆயிரம் வெள்ளிக்கு ஒலிபெருக்கியை மாற்றி இந்த அளவு மாறுதலைக் காண இயலாது.

ஒலிபெருக்கிகளை வைக்கும் கோணத்துக்கு ஐந்து மீட்டர் அகலம் குறையில்லாதது. முன்னே உள்ள இடப்பெட்டியையும் வலப்பெட்டியையும் பக்கச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே வைத்து, மூன்று மீட்டர் தள்ளி நடுக்கோட்டில் அமர்ந்தால், அவை நேர்முன் திசையிலிருந்து ஏறத்தாழ 27 பாகையில் நிற்கும். டால்பி பரிந்துரைப்பது 22 முதல் 30 பாகை. பக்கச் சுவரில் பட்டு வரும் முதல் எதிரொலி நேரொலியைவிட ஒன்றேகால் மீட்டர் கூடுதலாக நடந்து, மூன்றரை மில்லிநொடி பிந்தி வரும். இவ்வளவு சிறிய பிந்தலை மூளை தனி ஒலியாகக் கொள்வதில்லை. முதலில் வந்த திசையையே நம்புகிறது. எனினும் ஒலியின் நிறம் சற்று மங்கும். ஒருவர் சுவரோடு ஒட்டி ஒரு முகக்கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகட்டும். அமர்ந்திருப்பவர் கண்ணுக்கு அதில் ஒலிபெருக்கி எப்போது தெரிகிறதோ, அந்த இடத்தில் ஒரு கனத்த துணியைத் தொங்கவிட்டால் போதும்.

தொல்லை பின்னே இருக்கிறது. முன்னறைக்கும் முற்றத்துக்கும் இடையே தடுப்பில்லாத வீட்டில், இருக்கைக்குப் பின்னே பத்து மீட்டர் தள்ளித்தான் எதிர்ச்சுவர் வரும். போய்வர இருபது மீட்டர். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்கு 349 மீட்டர் செல்கிறது. ஆகவே 57 மில்லிநொடி கழித்து எதிரொலி திரும்பும். பேச்சில் ஐம்பதைத் தாண்டிய பிந்தலை மூளை மன்னிக்காது. கதாநாயகன் தன் வசனத்தைத் தானே வழிமொழிவது போலாகிவிடும். முற்றத்துக்கு முன் ஒரு மரத்தட்டியோ நிறைந்த அலமாரியோ நின்றால் இது அறுபடும். பக்கப் பெட்டிகள் இரண்டும் இருக்கைக்குச் சற்றுப் பின்னே, 110 முதல் 120 பாகைக்குள், தாங்கிகளில் நிற்கட்டும். சுண்ணாம்புச் சாந்து உதிரும் பழைய சுவரில் ஆணியடித்துக் கனத்த பெட்டியைத் தொங்கவிடுவது எந்த வகையிலும் அறிவுடைமையாகாது.

தாழொலி தனி உலகம். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நாலேகால் மீட்டருக்கு மேல். அறையின் அளவுக்கு ஒப்பானது. ஆகவே அது கதிராகப் பாயாமல், சுவருக்குச் சுவர் மோதி நிலையலையாக நின்றுவிடுகிறது. ஐந்து மீட்டர் அகலத்தில் முதல் நிலையலை 35 ஹெர்ட்ஸ், இரண்டாவது 70. முதல் அலைக்கு அறையின் நட்டநடுவில் அழுத்தம் சுழி. இரண்டாவதற்கு அதே இடத்தில் அழுத்தம் உச்சம். திசையுணர்வுக்காக நடுக்கோட்டில் அமரச் சொன்னோமே, அந்த இருக்கையிலேயே 35 காணாமற்போகும், 70 முழங்கும். குத்துப்பாட்டின் அடி மட்டும் திம்மென்று நெஞ்சில் இடிக்க, அதற்குக் கீழே ஆழம் இல்லாமற்போவதன் காரணம் இதுவே. ஒலியைக் கூட்டினால் இடிப்பதே கூடும்.

இதற்கு மருந்து இடமாற்றம். கடைக்காரர் சப்வூபர் என்று சொல்லும் தாழொலிப் பெருக்கியை முதலில் நாம் அமரும் இருக்கையிலேயே தூக்கி வைத்து ஒரு தாழொலிப் பாட்டை ஓடவிட வேண்டும். பிறகு தரையில் முழங்காலிட்டு அறையோரமாக நகர்ந்து, எங்கே ஒலி சீராகவும் நிறைவாகவும் கேட்கிறதோ அங்கே பெட்டியைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். பெட்டியும் காதும் இடம் மாறினாலும் விளைவு மாறாது என்னும் ஒலியியல் விதி இதற்கு அடிப்படை. வீட்டார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஹார்மன் நிறுவன ஆய்வாளர் டாட் வெல்டி 2002இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு தாழொலிப் பெருக்கியைவிட எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைத்த இரண்டு பல இருக்கைகளுக்கும் ஒலியைச் சமப்படுத்தும் என்று காட்டியது. அகலவாக்கின் ஒற்றைப்படை நிலையலைகளை அவை எழவே விடுவதில்லை.

உயர ஒலியில் ஜார்ஜ்டவுன் ஒரு வேடிக்கை செய்கிறது. கூரையில் ஒலிபெருக்கி பதிக்க இயலாதவர்களுக்காக, மேல்நோக்கிப் பேசும் பெட்டிகளை விற்கிறார்கள். ஒலி கூரையில் பட்டுத் தலைமேல் இறங்க வேண்டும். அதற்குத் தட்டையான, கடினமான, ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்றரை மீட்டர் உயரமுள்ள கூரை தேவை. கடைவீட்டின் மேல்மாடியிலோ சாய்ந்த ஓட்டுக்கூரை. ஒலி பட்டு எங்கோ தெறித்துப்போகும். கீழ்மாடியில் உத்தரங்கள் வரிசையாக நின்று அதைச் சிதறடிக்கும். ஆயர் ஈத்தாமிலும் பாயா தெருபோங்கிலும் உள்ள அடுக்குமாடி வீட்டின் வெறும் கான்கிரீட் தளம் இதற்கு மிகப் பொருத்தம். மரபிட வீட்டுக்குக் கோடி கொடுத்தவருக்கு வாய்க்காத மழையொலி, பத்தாம் மாடிக் குடித்தனக்காரருக்கு வாய்க்கிறது. அவர் கவனிக்க வேண்டியது விசிறி ஒன்றையே. பெட்டிக்கும் இருக்கைக்கும் இடையே, ஒலி பட வேண்டிய அதே இடத்தில்தான் விசிறி தொங்குகிறது. சுழலும் இதழ்கள் உயர்சுருதிகளை வெட்டி வெட்டி அனுப்பும். கடைவீட்டார் உத்தரத்திலிருந்து சிறு பெட்டிகளைக் கீழ்நோக்கித் தொங்கவிடுவதே நேரான வழி.

ஈரக் காற்றைப் பற்றியும் ஒரு சொல். பழைய ஒலிபெருக்கிகளின் கூம்பைச் சட்டத்தோடு இணைக்கும் நுரைவளையம் நம் ஊரில் நெடுநாள் நிற்பதில்லை. வெப்பமும் ஈரமும் அந்த நுரையைச் சிதைத்துவிடுகின்றன. விரல் நுனியால் தொட்டால் பழுப்புப் பொடியாக ஒட்டிக்கொண்டு வரும். கூம்பு நிலைதவறி உரச, தாழொலி கரகரக்கும். நுரைவளையத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பெட்டியையே எறிய வேண்டியதில்லை. புதிதாக வாங்குவோர் இரப்பர் வளையம் உள்ளதைக் கேட்டு வாங்கட்டும்.

கடைசியாகப் பக்கத்து வீடு. செங்கற்சுவர் பேச்சைத் தடுக்கப் போதியது. தாழொலிக்கு அதனினும் எளிய வழி திறந்திருக்கிறது. கடைவீட்டின் மேல்மாடிப் பலகைத் தரையைத் தாங்கும் உத்தரங்களின் முனைகள் இரு பொதுச்சுவர்களிலும் செருகி நிற்பவை. மேல்மாடியில் தாழொலிப் பெருக்கியை வைத்தால் பலகை அதிர்ந்து, உத்தரம் அதிர்ந்து, சுவர் வழியே அந்த வீட்டுப் பலகையும் அதிரும். கீழ்த்தளத்துத் தரையில் வைப்பது முதல் பாதுகாப்பு. மேலேதான் வைத்தாக வேண்டுமென்றால் கனத்த கற்பலகை ஒன்றை மென்மையான இரப்பர்த் துண்டுகளின்மேல் நிறுத்தி, அதன்மேல் பெட்டியை வைக்கலாம். துண்டுகள் கெட்டியாக இருந்தால் பயனில்லை. இரவில் கருவியின் இரவுநேர அமைப்பைப் போட்டால் வெடியோசை தாழ்ந்து மெல்லுரை உயரும். தாழொலித் தடத்தையும் ஆறு டெசிபெல் இறக்கினால் அதன் அழுத்தம் பாதியாகும். நாம் என்ன படம் பார்க்கிறோம் என்பதை மறுநாள் காலை பக்கத்து வீட்டு அண்ணன் நம்மிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள நேரும்.